1947 ஆகஸ்டில் ஸ்பானியக் குடியரசு எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்?

1936–39 உள்நாட்டுப் போரில் ஜெனரல் பிராங்கோவிடம் தோற்று நாட்டை இழந்த ஸ்பானியக் குடியரசு, பாரிஸில் ஒரு நாடுகடந்த அரசை நடத்திவந்தது. 1947 ஆகஸ்ட் தொடக்கத்தில் அந்த அரசு கவிழ்ந்தது. பிரதமர் ரொடோல்ஃபோ யோபிஸ் பதவியேற்று ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் காலை வாரியது அவருடைய சோசலிஸ்ட் கட்சியே. சில நாட்களுக்கு முன் பிரெஞ்சு நகரமான துலூஸில் கூடிய கட்சிப் பிரதிநிதிகள், கட்சியின் இன்னொரு தலைவர் இந்தலேசியோ பிரியேட்டோவின் பக்கம் சாய்ந்திருந்தார்கள். குடியரசின் பெயரில் அரசு நடத்தியது போதும், முடியாட்சியாளர்களோடு கைகோத்து பிராங்கோவை வெளியேற்றுவோம், பிறகு குடியரசா முடியாட்சியா என்பதை மக்கள் வாக்களித்துத் தீர்க்கட்டும் என்பது பிரியேட்டோவின் வாதம். யோபிஸுக்குப் பின் அல்வாரோ தெ அல்போர்னோஸ் அமைத்த அரசில் சோசலிஸ்ட்டுகளும் இல்லை, கம்யூனிஸ்ட்டுகளும் இல்லை. மரியாதைக்குரிய, வயதான குடியரசுவாதிகள் மட்டும் மிஞ்சினார்கள்.

அந்த மாதத்தில் அவர்கள் முன் என்னென்ன வழிகள் இருந்தன, எது எவ்வளவு தூரம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும் என்று எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பிராங்கோ 1975 வரை ஆண்டார் என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. ஆகவே 1947 ஆகஸ்டு வரை வெளிவந்திருந்த அறிக்கைகள், நடந்திருந்த வாக்கெடுப்புகள், பார்த்துப் பழகிய மனிதர்கள் ஆகியவற்றை வைத்தே முதலில் நிறுக்கிறேன். பின்னால் நடந்தது அந்த எடையைச் சரிபார்க்க மட்டும்.

சண்டையின் வேர் 1939இல் இருக்கிறது. அந்த ஆண்டு பிப்ரவரி 27 அன்று பிரிட்டனும் பிரான்சும் பிராங்கோவை அங்கீகரித்தன. குடியரசுத் தலைவர் மனுவேல் அசாஞா பதவி விலகினார். மார்ச் 5 இரவு மாட்ரிட்டில் குடியரசுப் படையின் கர்னல் கசாதோ, குடியரசின் பிரதமர் ஹுவான் நெக்ரீனுக்கு எதிராகவே கிளர்ந்தார். போரின் கடைசி வாரங்களில் குடியரசுப் படைகள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. அகதிகளுக்கு உதவ நெக்ரீன் ஓர் அமைப்பு தொடங்கினார். பிரியேட்டோ இன்னோர் அமைப்பு தொடங்கினார். நெக்ரீன் அரசு 'வீட்டா' என்ற படகில் மெக்சிகோவுக்கு அனுப்பிய நகைகளும் பொற்குவியலும், படகு அங்குள்ள வெராகுரூஸ் துறைமுகத்துக்கு வந்தபின், பிரியேட்டோவின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரே கட்சியைச் சேர்ந்த இருவர். போரின்போது ஒருவர் பிரதமர், மற்றவர் அவருடைய பாதுகாப்பு அமைச்சர். அதன்பின் அவர்கள் ஒரே மேசையில் உட்காரவே இல்லை என்று சொன்னாலும் மிகையாகாது. பின்னால் வந்த ஒவ்வொரு ராஜதந்திர முடிவிலும் இந்தப் பகை ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

முதல் வழி நெக்ரீனுடையது: சட்டத் தொடர்ச்சி. போர் முடிந்த நாளில் பிரதமராக இருந்தவரே இப்போதும் பிரதமர். தோல்வியால் அந்தப் பதவி காலாவதியாகவில்லை. போர்க்காலத்தில் லண்டனிலிருந்து இயங்கிய போலந்து, நார்வே அரசுகள் எந்த அடிப்படையில் நின்றனவோ அதே அடிப்படை. சட்டமாகப் பார்த்தால் இதுவே பலமான வாதம் என்று நினைக்கிறேன். அரசியலாக அது நிற்கவில்லை. கம்யூனிஸ்ட்டுகளுக்கு மிக நெருக்கமானவர் என்ற பெயர் நெக்ரீன் மேல் ஒட்டியிருந்தது; அவருடைய சொந்தக் கட்சியிலேயே பாதிப்பேருக்கு மேல் அவரை மன்னிக்கவில்லை.

1945 ஆகஸ்ட் 17 அன்று இந்த வழி அடைபட்டதைக் கொஞ்சம் நின்று பார்க்கத் தோன்றுகிறது. மெக்சிகோ நகரின் மாநகர அரண்மனையில் உள்ள பழைய அவைக்கூடத்தை, அந்தக் கூட்டம் நடக்கும்வரை ஸ்பானிய மண்ணாகக் கருதுவதாக மெக்சிகோ அரசு அறிவித்தது. 1936 பிப்ரவரியில் 473 பேர் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் அது. கூடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் நூற்றுக்கும் குறைவு. மற்றவர்களில் பலர் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார்கள், சிறையில் இருந்தார்கள், பிரான்சிலிருந்து கப்பல் கிடைக்காமல் இருந்தார்கள், எதிர்ப்பக்கம் போயிருந்தார்கள். வந்தவர்கள் சபாநாயகர் தியேகோ மார்த்தினெஸ் பாரியோவைக் குடியரசின் தலைவராக்கினார்கள். நெக்ரீன் முறைப்படி பதவி விலகல் கடிதம் கொடுத்தார். மறுபடி தன்னையே அழைப்பார்கள் என்று எதிர்பார்த்தார். அழைக்கப்பட்டவர் ஹொசே ஹிரால், மருந்தியல் பேராசிரியர், யாரோடும் தீராப் பகை இல்லாதவர். நெக்ரீனுக்கு அரசில் இடம் தர முன்வந்தார்கள், அவர் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு சோசலிஸ்ட் கட்சி அவரைக் கட்சியை விட்டே நீக்கியது. ஆக, 1947இல் நெக்ரீனின் வழி ஏட்டளவில்தான் திறந்திருந்தது. அவரை இழந்ததால் என்ன நட்டம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஹிரால் தேர்ந்துகொண்டது இரண்டாவது வழி: முறையான அரசு, முறையான அங்கீகாரம், ஐக்கிய நாடுகள் அவை. இந்த வழிக்கு ஒரு நல்ல தொடக்கம் இருந்தது. 1945 ஜூனில், ஐ.நா. அவையை உருவாக்கிய சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் மெக்சிகோவின் லூயிஸ் கின்டானிலா எழுந்து, ஐக்கிய நாடுகளை எதிர்த்துப் போரிட்ட நாடுகளின் படை உதவியால் அமைந்த ஆட்சிகளுக்கு இந்த அவையில் இடம் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஸ்பெயினின் பெயர் அதில் இல்லை. யாரைக் குறிக்கிறது என்பதில் யாருக்கும் ஐயமும் இல்லை. அது ஏற்கப்பட்டது. ஆகஸ்டு 2 அன்று நேசநாட்டுத் தலைவர்கள் கூடிய போட்ஸ்டாமிலிருந்து வந்த அறிக்கையும் பிராங்கோவுக்குக் கதவைச் சாத்தியது. ஹிரால் அரசை மெக்சிகோ உடனே அங்கீகரித்தது. குவாத்தமாலா, பனாமா, வெனிசுவேலா தொடர்ந்தன. 1946இல் போலந்து, யூகோஸ்லாவியா உள்ளிட்ட கிழக்கு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்துகொண்டன.

பட்டியலில் யார் இல்லை என்று பாருங்கள். அமெரிக்கா இல்லை, பிரிட்டன் இல்லை, இடமளித்த பிரான்சும் இல்லை. சோவியத் ஒன்றியமும் கடைசிவரை அங்கீகரிக்கவில்லை.

பிரிட்டன் கைவிட்டது குடியரசுவாதிகளை மற்றதைவிட ஆழமாகக் காயப்படுத்தியிருக்கும். 1945 ஜூலைத் தேர்தலில் தொழிற்கட்சி வென்றபோது அகதி முகாம்களில் இருந்தவர்களுக்கு அது தங்கள் வெற்றியாகவே பட்டது. காரணம் இருந்தது. புதிய பிரதமர் அட்லி 1937 டிசம்பரில் போர்க்கள ஸ்பெயினுக்கே வந்தவர். குடியரசுக்காகப் போரிட்ட வெளிநாட்டுத் தன்னார்வலர்களின் சர்வதேசப் படையில் பிரிட்டிஷ் வீரர்களின் ஒரு பிரிவு அவருடைய பெயரைத் தாங்கியிருந்தது. மெக்சிகோவில் மார்த்தினெஸ் பாரியோ தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்றாம் நாள், 1945 ஆகஸ்ட் 20, அந்த அட்லியின் வெளியுறவு அமைச்சர் எர்னஸ்ட் பெவின் நாடாளுமன்றத்தில் பேசினார். ஸ்பெயினில் எந்த ஆட்சி என்பது ஸ்பானியர்கள் தீர்மானிக்க வேண்டியது. அங்கே மறுபடி உள்நாட்டுப் போரைத் தூண்டக்கூடிய எதையும் பிரிட்டன் செய்யாது. பெவின் பேச்சின் சாரம் இவ்வளவுதான். ஹிரால் தன் அமைச்சரவையை அமைத்து முடிப்பதற்கு முன்பே லண்டன் பதில் சொல்லிவிட்டது.

1946 பிப்ரவரியில் பிராங்கோ, பிரெஞ்சு விடுதலைப் போரில் நாஜிகளை எதிர்த்துச் சண்டையிட்ட கிறிஸ்தினோ கார்சியாவைச் சுட்டுக்கொன்றார். பிரெஞ்சு மக்கள் கொதித்தார்கள். மார்ச் 1 அன்று பாரிஸ் எல்லையை மூடியது. லண்டனும் வாஷிங்டனும் கூடவே கைகோத்திருந்தால் பெட்ரோல் இல்லாமலே பிராங்கோ அரசு தள்ளாடியிருக்கும். அவர்கள் செய்தது, மார்ச் 4 அன்று பிரான்சையும் சேர்த்துக்கொண்டு ஒரு மூவரறிக்கை வெளியிட்டது. பிராங்கோ அமைதியாக விலகவும், அவருடைய ஃபலாஞ்சே கட்சி கலைக்கப்படவும், இடைக்கால அரசு அமையவும் நாட்டுப்பற்றுள்ள ஸ்பானியர்கள் வழி காண்பார்கள் என்று நம்புவதாக அது சொன்னது. ஸ்பெயினின் உள்விவகாரத்தில் தலையிடும் எண்ணம் இல்லை என்றும் அதே மூச்சில் சொன்னது.

ஏப்ரலில் போலந்தின் ஆஸ்கர் லாங்கே விவகாரத்தை ஐ.நா. பாதுகாப்பு அவைக்குக் கொண்டுபோனார். துணைக்குழு விசாரித்து, பிராங்கோ ஆட்சி உடனடி ஆபத்து இல்லை என்றாலும் அமைதிக்கு ஆபத்தாக வளரக்கூடியது என்றது. உறுப்பு நாடுகள் ராஜதந்திர உறவையே முறித்துக்கொள்ளுமாறு பொதுச்சபை பரிந்துரைக்க வேண்டும் என்ற அளவுக்கு வரைவு வந்தது. அதை வீழ்த்தியது சோவியத் பிரதிநிதி குரோமிகோவின் வீட்டோ (தடுப்பு வாக்கு); தீர்மானம் போதிய கடுமையாக இல்லை என்பது அவருடைய காரணம். அந்த ஜூன் மாதத்து வீட்டோவை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. நண்பரின் கை தட்டிவிட்டது அது. டிசம்பர் 12 அன்று பொதுச்சபையில் நிறைவேறியது அதைவிட மெலிந்த தீர்மானம். 34 நாடுகள் ஆதரவு, 6 எதிர்ப்பு. தூதர்களைத் திரும்ப அழைக்கச் சொன்னது, உறவை முறிக்கச் சொல்லவில்லை. தூதர் போனபின் தூதரகம் வழக்கம்போல் நடந்தது. மூன்று நாள் முன்பே பிராங்கோ மாட்ரிட்டின் ஓரியன்ட் சதுக்கத்தில் பெருங்கூட்டம் கூட்டி, அந்நியத் தலையீட்டுக்கு எதிரான தேசத் தலைவராகத் தன்னைக் காட்டிக்கொண்டிருந்தார். அர்ஜென்டினாவின் பெரோன் தூதரைத் திரும்ப அழைக்காததோடு புதிதாக அனுப்பினார், கோதுமையும் அனுப்பினார். 1947 ஜூனில் அவர் மனைவி ஏவா பெரோன் மாட்ரிட்டில் வந்து இறங்கியபோது நகரமே திரண்டது.

1947 ஆகஸ்டில் ஒரு நிதானமான குடியரசுவாதி இதையெல்லாம் மேசையில் பரப்பிப் பார்த்தால் என்ன தெரிந்திருக்கும்? பிரியேட்டோவின் பக்கத்தில் இருந்த உண்மை தெரிந்திருக்கும். மூவரறிக்கையும் சரி, டிசம்பர் தீர்மானமும் சரி, குடியரசை மீட்டுத் தருவதாகச் சொல்லவே இல்லை. இரண்டும் கேட்டவை, தேர்தல் நடத்தக்கூடிய ஓர் இடைக்கால அரசு. ஹிரால் அரசின் பெயர்கூட அவற்றில் இல்லை. மற்றவர்கள் தங்களுக்கு வேண்டியதை அந்த வரிகளுக்கிடையே தேடிப் படித்தார்கள். பிரியேட்டோ எழுதியிருந்ததை எழுதியபடி படித்தார். அதற்காக அவரைத் துரோகி என்றவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

ஆயுத வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1944 அக்டோபரில் கம்யூனிஸ்ட்டுகள் முன்னின்று சில ஆயிரம் வீரர்களை பிரனீஸ் மலையைத் தாண்டி ஆரான் பள்ளத்தாக்குக்குள் அனுப்பினார்கள். பள்ளத்தாக்கின் தலைநகர் வியேஹாவைக்கூடப் பிடிக்க முடியவில்லை. பத்து நாட்களில் திரும்பினார்கள். மக்கள் எழவில்லை. ஐந்தாண்டுக்கு முன் போரில் ஒரு தலைமுறையையே இழந்த ஜனங்கள் எப்படி எழுவார்கள்? அதன்பின் மலைகளில் கெரில்லாக்கள் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். அவர்கள் வீரத்தில் குறையே இல்லை. அவர்களுக்குச் சோறு போட்ட கிராமங்கள் கொடுத்த விலையை நினைத்தால், வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்த வழியைத் தேர்ந்தெடுக்க யாருக்கும் உரிமை இருந்ததாக நான் நினைக்கவில்லை. ராஜதந்திரக் கணக்கிலும் இது நட்டம்: மறுபடி உள்நாட்டுப் போர் என்ற பெவினின் அச்சத்துக்கு ஒவ்வொரு துப்பாக்கிச் சத்தமும் சாட்சியானது.

மீதம் பிரியேட்டோவின் வழி. அதற்குக் கூட்டாளி தேவை. கூட்டாளி, நாடு விட்டு போர்ச்சுகலின் எஸ்தோரிலில் வாழ்ந்த இளவரசர் டான் ஹுவான், ஸ்பெயினின் முன்னாள் மன்னரின் மகன். அவருக்காகப் பேசியவர் ஹில் ரோப்லஸ், 1930களில் வலதுசாரிகளின் தலைவர், பிரியேட்டோவின் பழைய எதிரி. டான் ஹுவான் 1945 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் லொசானிலிருந்து பிராங்கோவைப் பதவி விலகச் சொல்லி அறிக்கை விட்டவர். 1947 ஜூலை 6 அன்று பிராங்கோ நடத்திய வாக்கெடுப்பு ஸ்பெயினை மன்னராட்சி நாடாக்கியது. மன்னர் யார் என்று தீர்மானிக்கும் உரிமையை பிராங்கோவிடமே கொடுத்தது. டான் ஹுவான் இதை முன்பே வெளிப்படையாக எதிர்த்திருந்தார். துலூஸில் கூடியவர்கள் இதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டது புரிகிறது: பிராங்கோ இளவரசரை ஒதுக்கிவிட்டார், இனி அவர் நம்மிடம் வருவார்.

அதே செய்தியை மறுபக்கமிருந்தும் படிக்கலாம், படித்திருக்க வேண்டும். அரியணையின் சாவி இனி பிராங்கோவின் சட்டைப்பையில். குடியரசுவாதிகளோடு சேர்ந்தால் டான் ஹுவானுக்குக் கிடைப்பது ஒரு வாக்கெடுப்பு. அதில் தோற்கவும் கூடும். பிராங்கோவோடு சமாதானமானால் அவருக்கோ மகனுக்கோ கிரீடமே கிடைக்கலாம். பேரத்தில் உட்காருகிறவன் முதலில் கேட்க வேண்டியது, எதிரே இருப்பவருக்கு வேறு கடை இருக்கிறதா என்பது. டான் ஹுவானுக்கு இருந்தது. அதுவும் அடுத்த தெருவிலேயே.

1947 அக்டோபரில் பெவினின் ஆசியோடு பிரியேட்டோவும் ஹில் ரோப்லஸும் லண்டனில் சந்தித்தார்கள். அடுத்த மாதமே ஐ.நா. பொதுச்சபையில், முந்தைய ஆண்டுத் தீர்மானத்தை மறுபடி உறுதிசெய்யும் வரி மூன்றில் இரண்டு பங்கு வாக்கு பெறாமல் விழுந்தது. அமெரிக்கா அதற்கு எதிராக வாக்களித்தது. 1948 பிப்ரவரியில் பிரான்ஸ் எல்லையைத் திறந்தது. முடியாட்சியாளர்களோடு பேச்சு மாதக்கணக்கில் இழுத்தது. ஆகஸ்டு கடைசியில் பிரெஞ்சுக் கடற்கரை ஊரான சான் ஹுவான் தெ லூஸின் பெயர் பெற்ற ஒப்பந்தம் ஒருவழியாக எழுதி முடிந்தது.

மை காய்வதற்குள்கூட அல்ல, மை தொடுவதற்கு முன்பே அது செத்துவிட்டிருந்தது. 1948 ஆகஸ்ட் 25 அன்று சான் செபஸ்தியானுக்கு அப்பால் கடலில் 'அசோர்' என்ற உல்லாசப் படகில் டான் ஹுவான் பிராங்கோவைச் சந்தித்தார். பேசி முடித்தது ஒரு பையனின் படிப்பைப் பற்றி. அவருடைய பத்து வயது மகன் ஹுவான் கார்லோஸ் இனி ஸ்பெயினில், பிராங்கோவின் கண்காணிப்பில் படிப்பான். நவம்பரில் லிஸ்பனிலிருந்து இரவு ரயிலில் அந்தச் சிறுவன் மாட்ரிட்டுக்கு அனுப்பப்பட்டான். ஹில் ரோப்லஸுக்கே அந்தச் சந்திப்பு முன்கூட்டித் தெரியாது. பிரியேட்டோ இரண்டாண்டு கழித்து, தன் கொள்கை முழுவதும் தோற்றது என்று கட்சிக்கு எழுதிவிட்டு விலகிக்கொண்டார். மேற்கத்திய அரசுகள் ஏமாற்றிவிட்டன என்ற கசப்பு கடைசிவரை அவருக்கு இருந்தது.

இப்போது தராசைத் தூக்கிப் பார்க்கிறேன். எல்லா வழிகளுக்கும் ஒரு பொதுவான பலவீனம்: முடிவெடுக்கும் கை லண்டனிலும் வாஷிங்டனிலும் இருந்தது. 1947 மார்ச்சில், கம்யூனிசம் பரவாமல் தடுப்பதை அமெரிக்கக் கொள்கையாக்கிய ட்ரூமன் கோட்பாடு அறிவிக்கப்பட்ட பிறகு அந்தக் கை பிராங்கோவைத் தொட விரும்பாது என்பது தெளிவாகிவிட்டது. எனவே எந்த வழி வெல்லும் என்று கேட்பதில் அதிகப் பயனில்லை. எந்த வழி தோற்றாலும் கையில் ஏதாவது மிஞ்சும் என்று கேட்க வேண்டும். ஆயுத வழியில் கல்லறைகள் மிஞ்சின. பிரியேட்டோவின் வழியில் இளவரசர் போனதும் எதுவும் மிஞ்சவில்லை. குடியரசின் உரிமையைப் பேரத்துக்கு முன்பணமாக முன்கூட்டியே கொடுத்தாகிவிட்டது. அரசு என்ற வழியில் மட்டும் ஏதோ மிஞ்சியது. மெக்சிகோ 1977 மார்ச் வரை மாட்ரிட்டோடு உறவு வைக்க மறுத்தது. 1940இல் பிரான்சின் மொந்தொபானில் அசாஞா இறந்தபோது, குடியரசுக் கொடியைப் போர்த்த, ஜெர்மனிக்கு இணங்கி நடந்த விஷி அரசின் அதிகாரி தடைவிதிக்க, அவர் பெட்டிமேல் தன் கொடியைப் போர்த்திய நாடு அது. அங்கீகாரம் என்பது அகதியின் கடவுச்சீட்டுக்கு மதிப்பு, தூதரகக் கட்டடம், ஐ.நா. வராந்தாவில் நின்று பேச ஒரு பெயர். இவை சின்ன விஷயங்கள் என்று நாடிழந்த எவரும் சொல்லமாட்டார்கள்.

நெக்ரீனைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். 1948 ஏப்ரலில் அவர் நியூயார்க் பத்திரிகை ஒன்றில், ஐரோப்பாவுக்கு அமெரிக்கா பொருளுதவி தரும் மார்ஷல் திட்டத்தில் ஸ்பெயினையும் சேர்க்க வேண்டும், பட்டினி மக்களுக்குத்தானே தவிர சர்வாதிகாரிக்கு இல்லை என்ற பொருளில் எழுதினார். நாடுகடந்தோர் பெரும்பாலானோர் கொதித்தார்கள். தனிமைப்படுத்தல் பிராங்கோவை வீழ்த்தாது, மக்களைத்தான் வாட்டும் என்பதை எல்லோருக்கும் முன் உரக்கச் சொன்னவர், கட்சியே நீக்கிய அந்த மனிதர். அவர் சொன்னது சரியா தவறா என்பதைவிட, அப்படி யோசிக்கக்கூடிய ஒருவர் அமைச்சரவை மேசையில் இல்லை என்பதே எனக்கு வலிக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது: சோசலிஸ்ட்டுகள் யோபிஸ் அரசை விட்டு விலகியிருக்கக் கூடாது. பிரியேட்டோ லண்டனுக்குப் போயிருக்கட்டும்; போக வேண்டும்தான். முடியாட்சியாளர்களோடு பேசுவதும் குடியரசின் அரசை நடத்துவதும் ஒன்றையொன்று வெட்டும் வேலைகள் இல்லை. அரசு நிற்கும்வரை ஹில் ரோப்லஸ் அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும். கலைந்தபின் எதற்கு விலை? அங்கீகரிக்காத அரசின் அமைச்சரை பெவின் வரவேற்றிருக்க மாட்டார் என்று சொல்வார்கள். உண்மை. பிரியேட்டோ அமைச்சராகப் போக வேண்டிய அவசியமே இல்லை. மார்த்தினெஸ் பாரியோ ஒப்புதலோடு, பெயர் சொல்லாத தூதராகப் போயிருக்கலாம். எந்த நாட்டு ராஜதந்திரத்திலும் வழக்கமான ஏற்பாடுதான். பேரம் படிந்தால் அரசு வழிவிட்டு விலகும், படியாவிட்டால் அரசு இருந்த இடத்தில் இருக்கும். அப்படி ஓர் ஏற்பாட்டுக்குத் தேவைப்பட்டது பிரியேட்டோவும் பாரிஸ் அமைச்சரவையும் ஒருவரையொருவர் நம்புவது மட்டுமே. வெராகுரூஸில் 'வீட்டா' வந்து சேர்ந்த நாளிலிருந்து அது அவர்களிடம் இல்லை. 1947 அக்டோபரில் லண்டனில் பெவினின் அறைக்குள் நுழைந்தபோது, பிரியேட்டோவுக்குப் பின்னால் கட்சி இருந்தது, அரசு இல்லை.